ஆரத்தி நீரில் அச்சடித்த நூற்றொன்பது சூரியன்

அன்றைக்கு இரண்டு மணி லோரியில் என்னைச் சயாமுக்கு ஏற்றிவிடுவதாக இருந்தார்கள். அதே லோரியில் நூற்றிருபது புத்தாண்டு வாழ்த்து அட்டைகளும் போக வேண்டும். சயாமில் போட்ட மரண ரயில் பாதைக்கும் வாழ்த்து அட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எதற்கும் எதற்கும் சம்பந்தம் உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொய் எழுதினால் முருகன் கேட்பான்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்தவன். தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரில் பெட்டிகளின் மேல் தோட்டத்து முத்திரை போடுவது என் வேலை. வெள்ளைக்காரத் துரை சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு பாதி மலை காடாகிவிட்டது, மீதி மலையில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டோம். துரை பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து உட்கார்ந்தான். அவனைப் புதுத்துரை என்றோம். குள்ளமான மனிதன். இடுப்பில் தொங்கிய வாள் படியில் இடித்துக்கொண்டே வரும்.

ஒரு லயத்துக்கு, அதாவது ஒரு வரிசை வீட்டுக்கு, ஓர் ஆள் சயாமுக்கு ரயில் பாதை போட வர வேண்டும் என்று உத்தரவு. எங்கள் லயத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். என் பெயர் வந்தது. போனவர்களில் ஒருவன்கூட அதுவரை திரும்பவில்லை. ஒரு கம்பளி, ஒரு பொட்டலம் திருநீறு, அவித்த மரவள்ளி நாலு துண்டு என்று என் மனைவி மூட்டை கட்டி வைத்திருந்தாள். அழவில்லை. அவள் அழாதது எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் கிராணி மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார். கணக்கு எழுதுகிறவர், கொஞ்சம் ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டதால் புதுத்துரைக்கு வாயும் காதும் அவர்தான். அவர்களுடைய புத்தாண்டு வருகிறதாம். புதுத்துரை தன் மேலதிகாரிகளுக்கெல்லாம் வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டுமாம். அதற்கு முன் மலையிலிருந்து இறங்கும் கடைசி லோரி இன்றைய லோரிதான். அட்டையின் நடுவில் சிவப்பு வட்டமாகச் சூரியன் வேண்டும், எழுத்தைக் கீழே பெரிய ஆபீஸில் எழுதிக்கொள்வார்கள். யாரால் முடியும் என்று கேட்டதற்குக் கிராணி என் பெயரைச் சொல்லிவிட்டார்.

"இரண்டு மணிக்குள்ள நூத்திருபதும் முடிச்சா பட்டியல்ல உன் பேர அடிச்சிடறேன்னு சொன்னான்" என்றார். "இல்லாட்டி நீயும் அட்டையும் ஒண்ணா ஏறிக்க வேண்டியதுதான்."

முடியாத அட்டையை ஏன் ஏற்றுகிறான் என்று கேட்டேன்.

"உன் மடியில வச்சு அனுப்புவான்லா. போற வழியெல்லாம் நீ அச்சடிச்சிட்டுப் போவ."

ஆபீஸ் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி தள்ளி வைத்திருந்தார்கள். ஆகையால் கடிகாரத்தில் இரண்டு என்றால் எங்கள் வயிற்றுக்குப் பன்னிரண்டரைதான். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். பின்னாலேயே என் மனைவியும், பக்கத்து வீட்டு அக்காவும் வந்தார்கள். அக்காவுக்கு வெற்றிலை இல்லாமல் ஒரு நாழிகை ஓடாது. வெற்றிலை கிடைக்காத காலத்தில் ஏதோ காட்டுக்கொடி இலையில் சுண்ணாம்பு தடவி மென்றுகொண்டிருந்தது.

அட்டைக்குக் கஷ்டமில்லை. தேயிலை சாம்பிள் அனுப்பும் வெள்ளை அட்டைப்பெட்டிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன, வெட்டிக்கொண்டோம். அச்சுக்குச் சர்க்கரைவள்ளி. குறுக்கே வெட்டி, மருந்துக் குப்பி மூடியை மேலே அழுத்தி, சுற்றிச் சீவினேன். முதல் இரண்டும் கோணல். மூன்றாவது நன்றாக வந்தது. கோணலான இரண்டையும் மனைவி மடியில் கட்டிக்கொண்டாள், மத்தியானத்துக்கு ஆகும் என்று.

சாயம்தான் இல்லை. பெட்டிக்கு அடிக்கும் கறுப்பு அரை டின் இருந்தது. சிவப்பு ஒரு சொட்டுக்கூட இல்லை. கிராணியின் சிவப்பு மைக் குப்பி காய்ந்து கல்லாகியிருந்தது. அக்கா லயத்துக்கு ஓடி வீட்டுக்கு வீடு சாமி மாடத்தில் இருந்த குங்குமத்தை வழித்து வந்தது. குழைத்து அச்சடித்தேன். பதினொரு சூரியன் வந்தது. அதோடு குங்குமம் தீர்ந்தது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மனைவியோ வெள்ளை அட்டைகளை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். இதை யார் உன்னிடம் கேட்டார்கள் என்று எரிந்து விழுந்தேன்.

"வாழ்த்துன்னுதானே சொன்னாங்க. மூலையில மஞ்சள் இல்லாம போனா வாங்குறவங்க எழவுக் கடுதாசின்னு நினைச்சுக்க மாட்டாங்களா" என்றாள்.

அந்த நேரத்தில் அக்கா ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தது. அதன் கட்டைவிரலில் சுண்ணாம்பு. விரல் பட்ட மூலை ரத்தமாகச் சிவந்தது. மூன்று பேரும் அந்த மூலையைப் பார்த்தோம். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஆரத்தி கரைத்துக் கரைத்துப் பழகிய இரண்டு பெண்கள் பக்கத்தில் இருந்தும், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

மனைவி தாம்பாளம் எடுத்து வந்து கெட்டியாக ஆரத்தி கரைத்தாள். என் மனசு மட்டும் உறுத்தியது. கண்ணேறு கழிக்கிற ஆரத்தியில் அன்னியன் கொடியை அச்சடிப்பது பாவமில்லையா? பிறகு யோசித்தேன். சூரியன் சூரிய பகவான். பொங்கலுக்குப் பொங்கி வைத்துக் கும்பிடுகிறோம். ஜப்பான்காரன் கொடியில் போட்டுக்கொண்டதால் அவர் அவனுடையவர் ஆகிவிடுவாரா? இப்படி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு சர்க்கரைவள்ளியைத் தாம்பாளத்தில் தோய்த்தேன்.

அதன்பிறகு நடந்த வேலையை வெள்ளைக்காரத் துரை பார்த்திருந்தால் ஆளுக்கு அரை நாள் சம்பளம் கூடக் கொடுத்திருப்பார். அக்கா அட்டையை வைக்கும், நான் குத்துவேன், மனைவி உருவுவாள். மிச்சமிருந்த நூற்றொன்பதும் முடிந்தபோது கடிகாரத்தில் இன்னும் ஒரு மணிகூட ஆகவில்லை. ஆனால் அட்டைகள் ஈரம். அன்றைக்கென்று மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. அடுக்கினால் ஒன்றின் சூரியன் இன்னொன்றின் முதுகில் ஒட்டியது.

தேயிலைக்காரன் கையில் ஈரமாக எது கிடைத்தாலும் அவன் ஒன்றுதான் செய்வான். தேயிலை காயவைக்கும் சூட்டு மெஷினில் விறகைப் போட்டு மூட்டினேன். தட்டுகளில் அட்டைகளைப் பரப்பி உள்ளே தள்ளினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நான் எதுவும் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே இழுத்தபோது அட்டைகள் அப்பளமாகக் காய்ந்திருந்தன. நல்ல தேயிலை வாசனை. குங்குமச் சூரியன் பதினொன்றும் சிவப்பு. மற்ற நூற்றொன்பதும் மஞ்சள். ஆரத்திச் சிவப்பு காய்ந்தால் நிற்காது என்பதை நாங்கள் எப்படிக் கண்டோம்? ஆரத்தியைச் சுற்றினோமா, தெருவில் ஊற்றினோமா என்று இருந்தோமே தவிர அதைக் காயவைத்து யார் பார்த்தது?

எட்டிப் பார்க்க வந்த கிராணி ஒரு பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இது எந்த நாட்டுக் கொடிப்பா" என்று கேட்டார்.

அக்கா பயப்படவில்லை. ஒரு மஞ்சள் வட்டத்தில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தது. பழையபடி சிவந்தது. ஆனால் எல்லாவற்றையும் நனைத்தால் மறுபடி ஈரம், காய்ந்தால் மறுபடி மஞ்சள். கீழே பாதையில் லோரி ஹாரன் அடித்தது. ஸ்டோர்ப் படியில் வாள் இடிக்கும் சத்தமும் கேட்டது.

புதுத்துரை மேலாக இருந்த அட்டையை எடுத்தான். "மேரா, மேரா" என்று கத்தினான். மலாயில் சிவப்பு. அவன் கை வாளின் பிடிக்குப் போனது. எனக்குக் கந்த சஷ்டியில் கும்பிட்ட முருகன் முகம்கூட ஞாபகம் வரவில்லை.

என் மனைவி யாரையும் கேட்கவில்லை. அவள் முன்னால் இரண்டு சிரட்டை இருந்தன. ஒன்றில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர், இன்னொன்றில் விரல் கழுவும் பச்சைத் தண்ணீர். சுண்ணாம்புச் சிரட்டையில் விரலைத் தோய்த்து அவன் கையில் இருந்த அட்டையைத் தொட்டாள். மஞ்சள் நடுவிலிருந்து ஓரம்வரை சிவந்து பரவியது. அவன் குனிந்து பார்த்தான். இன்னோர் அட்டையை நீட்டினான். அதுவும் சிவந்தது. நாலாவது அட்டைக்கு அவன் சிரித்துவிட்டான். கிராணியிடம் மடமடவென்று பேசினான். நிலா மறைந்து சூரியன் உதிக்கிறதாம், இப்படி ஒரு வாழ்த்து அவன் மேலதிகாரிகள் யாரும் கண்டதில்லையாம், கூடவே அந்தத் தண்ணீரில் ஒரு குப்பியும் அனுப்ப வேண்டுமாம்.

நான் முருகா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சைத் திரும்ப எடுப்பதற்குள் அவன் என்னைக் காட்டி ஏதோ கேட்டான். கிராணியின் முகம் வெளுத்தது. வேலையை இந்தப் பெண் அல்லவா செய்கிறாள், இவன் எதற்கு என்று கேட்டானாம். கை லோரிப் பக்கம் நீண்டது.

"ஐயா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க" என்றாள் என் மனைவி. "ஆரத்தி தாலி போட்ட கட்டுக்கழுத்தி கையாலதான் எடுக்கணும். புருஷன் பக்கத்துல இல்லாட்டி இது சிவக்காது."

கிராணி தயங்கினார். அப்புறம் சொன்னார். புதுத்துரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சோதித்துப் பார்க்கலாம் என்றான். அதற்குள் ஸ்டோருக்கு எதிரே வந்து நின்றிருந்த லோரியில் என்னை ஏறி நிற்கச் சொன்னான்.

ஏறினேன். கோலா தெர்லா பக்கத்துத் தோட்டங்களில் பிடித்த பன்னிரண்டு பேர் உள்ளே மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோர் வாசல் வழியாக என் மனைவி தெரிந்தாள். விரலை ஒரு சிரட்டையில் தோய்த்து அட்டையைத் தொட்டாள். எந்தச் சிரட்டை என்று எனக்குத் தெரியும். சிவக்கவில்லை. என்னை இறங்கி வரச் சொன்னார்கள். அவள் பக்கத்தில் போய் நின்றேன். தொட்டாள், சிவந்தது. மறுபடி ஏறச் சொன்னார்கள். மஞ்சள். இறங்கினேன். சிவப்பு. இரண்டு தண்ணீரும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. அவளுடைய விரல் மட்டும் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

மூன்றாம் தடவை ஏறியபோது லோரிக்குள் ஓரமாக இருந்த ஒருவர், "ஏண்ணே, ஏறுனா உட்காருங்க, எறங்குனா எறங்கிடுங்க. படுதா விலகி விலகிச் சாரல் உள்ள அடிக்குது" என்றார். மன்னிச்சுக்குங்க தம்பி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அதுதான் கடைசியாக இறங்கியது.

புதுத்துரைக்கு இன்னும் ஒரே ஒரு சந்தேகம். அட்டை போய்ச் சேருகிற இடத்தில் இந்த மனிதன் இருக்க மாட்டானே, அங்கே எப்படிச் சிவக்கும்? என் மனைவி கிராணியைத் திரும்பிப் பார்த்தாள். கிராணி தானாகவே ஏதோ சொன்னார். புதுத்துரை தலையை ஆட்டிக்கொண்டு, தூரிகை கொண்டுவரச் சொல்லி, ஒரு தாளில் நீளமாக எழுதி அட்டைக் கட்டோடு வைத்தான். பட்டியலில் என் பெயருக்கு மேல் ஒரு கோடு இழுத்தான்.

என்ன சொன்னீர்கள் என்று பிறகு கிராணியிடம் கேட்டேன்.

"எந்தப் பொண்டாட்டி தொட்டாலும் சிவக்கும், அவ புருஷன் பக்கத்துல நிக்கணும், அவ்வளவுதான்னு சொன்னேன். மேலதிகாரிங்க இங்க, பொண்டாட்டிமாரெல்லாம் ஜப்பான்லதானே இருக்காங்க. சிவக்காட்டியும் நம்ம மேல குத்தம் இல்ல பாரு."

இரண்டு அடித்தது. லோரி போனது. நூற்றிருபது அட்டையும் ஒரு குப்பிச் சுண்ணாம்புத் தண்ணீரும் முன்னால், பன்னிரண்டு பேர் பின்னால். சாரல் அடிக்கிறது என்றவர் படுதாவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கால் தரையில் இருக்கிறது என்ற சந்தோஷம்தான் எனக்கு முதலில் வந்தது. அவர்களுடைய நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை இன்றைக்கும் சாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். யுத்தம் முடிந்து திரும்பியவர்களைத் தேடிக்கொண்டு அந்தத் தோட்டங்களுக்குப் போனேன். மூன்று பேரைத்தான் பார்த்தேன். படுதா பிடித்தவர் அந்த மூன்றில் இல்லை.

புதுத்துரை அன்றைக்கே இன்னோர் உத்தரவும் போட்டிருந்தான். இந்தப் பெண் ஸ்டோரில் வேலை செய்யும் நேரமெல்லாம் புருஷன் பக்கத்தில் நிற்க வேண்டும். கிராணி அதை எழுதிச் சுவரில் ஒட்டினார். என் வேலை என்ற இடத்தில் "நிற்பது" என்று போட்டிருந்தது. ஜப்பான்காரன் போகும்வரை அந்த வேலையைத்தான் செய்தேன். ஒரு தடவை காய்ச்சலோடும் நின்றேன்.

லோரி வளைவில் மறைந்ததும் என் மனைவி தாம்பாளத்தில் மிஞ்சிய ஆரத்தியை எடுத்துக்கொண்டு பாதைக்கு நடந்தாள். உத்தரவுப்படி நானும் கூடப் போனேன். நீ சொன்னது பொய்தானே, சாமி குற்றமாகாதா என்று கேட்டேன். லோரிச் சக்கரம் பதிந்த சேற்றுப் பக்கம் திரும்பி நின்று தாம்பாளத்தை மூன்று தடவை சுற்றினாள்.

"எல்லாருக்கும் சேத்துத்தான்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சக்கரச் சுவட்டில் ஊற்றினாள்.