வீடு மாறிப் போன அம்மா

இஞ்சி தட்டிப்போட்ட டீயின் வாசனை எங்கே வந்தாலும், நெய்வேலியில் எங்கள் வீட்டுக்கு முந்தைய வரிசை வீடுதான் எனக்கு நினைவுக்கு வரும். அதற்குள் அம்மா நுழைந்ததே ஒரு தவறால்தான்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் அம்மாவுக்குப் பேச ஆளே கிடையாது. 'குவார்ட்டர்ஸ்' பக்கம் பகலில் யாரும் யார் கதவையும் தட்ட மாட்டார்கள். எந்த வீட்டில் 'நைட் ஷிப்ட்' முடித்த மனிதர் தூங்குகிறாரோ! எங்கள் வீட்டிலும் அப்பா தூங்க, நானும் அம்மாவும் சைகையிலேயே குடித்தனம் நடத்தினோம். "ஏட்டி, இங்க நமக்கு யாரு இருக்கா? பரீட்ச முடியட்டும், நாம ஊருக்கே போயிருவோம்" என்று அம்மா பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கிவிட்டாள். அப்பாவை விட்டுப் போக எனக்கு மனமே இல்லை.

ஒருநாள் உச்சி வெயிலில் கடையிலிருந்து திரும்பினோம். எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பச்சைக் கதவு. ஒரு வரிசை முன்னதாகவே திரும்பிவிட்ட அம்மா, அப்பா விழித்துவிடக் கூடாதே என்று செருப்பை ஓசைப்படாமல் கழற்றி, திறந்திருந்த கதவுக்குள் நுனிக்காலில் நுழைந்து, நேரே சமையலறைக்குப் போய், "ஐயையோ, அடுப்ப அமத்தாமலா போயிட்டேன்!" என்று கிசுகிசுத்தபடி, பொங்கி வந்த பாலை இறக்கி வைத்தாள்.

"அம்மா, இது நம்ம வீடில்ல" என்று நான் இழுப்பதற்குள், பின்கட்டிலிருந்து ஈரத்துணி வாளியோடு ஒரு பெண் வந்து நின்றார். அம்மாவுக்கு முகம் வெளிறிப் போய்விட்டது.

அவர் பாலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். "வூடு மாறி வந்துட்டீங்களா? திருட வந்தவங்க பாலயா எறக்கி வைப்பாங்க! குந்துங்க, டீ குடிச்சிட்டுப் போலாம். நானும் பேச ஆளில்லாம செவுத்தப் பாத்துக்கினு கெடக்கறேன்" என்றார். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த மும்தாஜ் அத்தை அவர்தான்.

அன்றே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: வாசலில் சிவப்புத் துண்டு தொங்கினால் ஆள் தூங்குகிறார், இல்லையென்றால் தட்டாமலே உள்ளே வரலாம். பெட்டித் துணிகள் அலமாரிக்குத் திரும்பின. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அந்த வரிசையே இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அத்தை வடலூரில் இருக்கிறார். அம்மா ஒருநாளும் அவரோடு போனில் பேசாமல் தூங்குவதில்லை. சென்னையில் என் அடுக்குமாடி வீட்டின் பூட்டு, எண்களை அழுத்தினால்தான் திறக்கும். என்னோடு தங்க வந்திருக்கும் அம்மாவோ அதைப் பூட்டவே விடுவதில்லை, கதவை விரியத் திறந்து வைக்கிறாள். பயமாக இருக்கிறது என்றேன்.

"எவளாவது வீடு மாறி வந்தா வரட்டும்ட்டி" என்றாள். "பால் இருக்கு, இஞ்சியும் இருக்கு."