இருபத்தைந்தாம் பகுதியில் நான்கு பேர்

என் மகள் கார்ட்டூன் வரைகிறாள் என்றுதான் உறவினர்களிடம் சொல்லி வந்தேன். அது சரியான சொல் அல்ல என்று அவள் திருத்துவாள். அடுத்த கல்யாணத்திலும் நான் அதையே சொல்வேன். சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில், வழிதவறிய விண்கலம் ஒன்று பூமிக்குத் திரும்பும் கதையைத் தொடராகத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் இருபத்தாறு பகுதிகள். கடைசிக்கு முந்தைய பகுதியை அவள் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"கடைசியில என்னப்பா இருக்கு? ஊர் வந்து சேருவாங்க, எல்லாரும் கைதட்டுவாங்க. அதை யார் வேணா வரைஞ்சுடலாம். இழக்கிறதெல்லாம் அதுக்கு முந்தினதுலதான் இருக்கு" என்றாள்.

அந்தப் பகுதியில், கலத்தின் இன்ஜினைப் பார்த்துக்கொண்ட முதிய பெண் இறந்துபோகிறாள். செயற்கை ஈர்ப்பு ஏற்கெனவே பழுதாகிவிட்டது. கலத்துக்குள் எதற்கும் எடை இல்லை. அவளை ஒரு பெட்டியில் வைத்து, வளைந்து செல்லும் நடைவழியில் வெளிக்கதவு வரை கொண்டுபோக வேண்டும். அந்தக் காட்சியை முக்கால் பங்கு வரைந்திருந்த நிலையில் என் மகள் காய்ச்சலோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள். மாசி மாதம். பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

சித்திரையில் தொடரின் இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார். என் மகளைவிடச் சில வயது மூத்த பெண், காரியத்தன்று வந்திருந்தவர்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க சார். அவ வரைஞ்ச காட்சியைத்தான் முடிச்சுக்கிட்டிருக்கோம். ஓரத்துல ஒன்னு எழுதி வச்சிருக்கா. 'நாலு பேர் வேணுமா? அப்பாகிட்ட கேக்கணும்'னு. பெட்டியை நாலு பேர் பிடிச்சுக்கிட்டுப் போற மாதிரி போட்டிருக்கா. எடையே இல்லாத இடத்துல நாலு பேர் எதுக்குன்னு இங்க எல்லாருக்கும் சந்தேகம். நாளன்னிக்குப் படத்தைக் கொடுத்தாகணும்."

நான் நாற்பதாண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். யோசிக்கவே இல்லை.

"வேண்டாம்மா. ஒருத்தர் போதும். ஒரு விரலால தள்ளினாலே போயிடும்."

"அப்ப மூணு பேரை எடுத்துடலாமா சார்?"

"எடுத்துடுங்க."

கூடத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தினாள். "யாரை எடுக்கச் சொன்னீங்க?"

சொன்னேன்.

"நாலு பேர்னு அவ போட்டிருந்தா அதுல ஏதாவது இருக்குங்க."

"இயற்பியல்ல அப்படி இல்ல."

"உங்க இயற்பியல்ல எதுதான் இருந்திருக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த மடலை உரித்தாள்.

மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, சித்திரைத் திருநாள் புறப்பாடு வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வீதி மூலையில் ஒரு கடையின் படியேறி நின்றேன். வழிபடுவதற்காக அன்று நான் நிற்கவில்லை. மாசிக்குப் பிறகு கோபுரத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை. பல்லக்கு வந்துகொண்டிருந்தது. நேர்வீதியில் அதைச் சுமப்பவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் தோள் துண்டை ஒரு கையால் சரிசெய்துகொண்டார். அங்கே அவர்களுக்குப் பெரிய சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை.

மூலைக்கு வந்ததும் பேச்சு நின்றது. உள்பக்கத்தார் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். வெளிப்பக்கத்தார் அகலமாக எட்டு வைத்து, பல்லக்கை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தார்கள். முன்னால் போன ஒருவர், "ஓய், மெல்ல! பின்னாடி தள்ளாதீங்கய்யா!" என்று கத்தினார். நிறுத்த வேண்டிய இடத்தில் எல்லோருடைய குதிகால்களும் ஒரே நேரத்தில் தரையில் ஊன்றின. பல்லக்கு தானாக நிற்கவில்லை. நிறுத்தினார்கள்.

எடை இல்லாமல் போகலாம், நிறை போகாது. ஓடுவதைத் திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் பூமியில் எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவும் விண்வெளியிலும் வேண்டும். முதலாமாண்டு மாணவன் இதைத் தவறவிட்டிருந்தால் முழு மதிப்பெண்ணையும் குறைத்திருப்பேன்.

என் தவறான பதில் எங்கிருந்து வந்தது என்பதும் அந்தப் படியிலேயே தெரிந்தது. மாசியில், ஆற்றங்கரை மின்தகன மேடையில், என் மகளைச் சக்கரம் வைத்த இரும்புப் படுக்கையில் கிடத்தினார்கள். தோள் கொடுக்க வந்தவர்கள் வேலையின்றி ஓரமாக நின்றார்கள். வழவழப்பான தரை. "லேசா தள்ளுங்கய்யா, போதும்" என்றார் பணியாளர். தள்ளினேன். போய்விட்டது. மறுமுனையில் அதை யார் நிறுத்தினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

அவள் கடைசியாக வரைந்த காட்சியிலிருந்து மூன்று பேரை என் சொல் நீக்கியிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு நாள் இருந்தது. பால் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு அங்கிருந்தே அழைத்தேன்.

"என்ன சார், ஒரே மேளச் சத்தமா இருக்கு?"

"பெருமாள் வராரு. நேத்து நான் சொன்னது தப்பும்மா."

"சார், அவ ஒன்னு சொல்லுவா. 'எங்கப்பா வாயால தப்புன்னு என்னிக்குக் கேக்கறேனோ, அன்னிக்கு ஆபீசுக்கே லீவு விட்டுடணும்'னு."

"விட்டுடுங்க. அதுக்கு முன்னாடி அந்த மூணு பேரையும் திருப்பி வச்சுடுங்க."

அவர் சிரித்தார், சிரிப்பு இடையில் உடைந்தது. நான் தொடர்ந்து சொன்னேன். நேர்வழியில் ஒருவர் தள்ளினால் போதும். திருப்பத்தில் நான்கு பேரும் வேண்டும். கதவருகே நிறுத்தவும் நான்கு பேரும் வேண்டும். ஆனால் அவர்களும் மிதப்பவர்கள். காலை எங்காவது மாட்டிக்கொள்ளாவிட்டால் பெட்டி அவர்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

"சார், கொஞ்சம் இருங்க." விசைப்பலகையின் ஒலி கேட்டது. "தரையில வரிசையா பட்டை மாதிரி ஏதோ வரைஞ்சிருக்கா. திருப்பத்துலயும் கதவுகிட்டயும் மட்டும். வேற எங்கயும் இல்ல. எதுக்குன்னு தெரியாம நேத்து அதையும் எடுத்துட்டோம்."

"எத்தனை பட்டை?"

"ரெண்டு இடத்துலயும் எட்டு எட்டு."

நான்கு பேருக்கு எட்டுக் கால்கள். அவளுக்கு விடை தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் என்னைக் கேட்க வேண்டும் என்று எழுதினாள் என்று இயக்குநர் கேட்டார். அந்தக் கேள்வியை எனக்காகவே விட்டுச் சென்றாள் என்று எண்ணிக்கொள்வது சுலபம். நான் அப்படி எண்ணவில்லை. பள்ளி நாளிலிருந்தே விடையைப் போட்டு முடித்த பிறகுதான் நோட்டை என்னிடம் நீட்டுவாள்.

"சரிபார்க்கத்தான்" என்றேன். "சரியா இருக்கு. அப்படியே போடுங்க."

அந்தப் பகுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒளிபரப்பானது. நானும் என் மனைவியும் பார்த்தோம். நேர்வழியில் பெட்டி எளிதாகச் சென்றது. திருப்பத்தில் நால்வரும் கால்களைப் பட்டைகளில் நுழைத்துக்கொண்டார்கள். வெளிப்பக்கம் இருந்த நரைத்தலை மனிதர் உடம்பை உள்பக்கமாகச் சாய்த்து, வலது காலைச் சற்றே திருப்பி ஊன்றினார். பெட்டி வளைந்தது. கதவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அங்கே இசை எதுவும் வைக்கவில்லை.

"ஏங்க, அந்த வெளிப்பக்கத்து ஆளு உங்களை மாதிரியே காலை வைக்கிறாரு" என்றாள் என் மனைவி.

"வெளிப்பக்கம் நிக்கறவங்க அப்படித்தான் வைக்கணும்" என்றேன். "இல்லன்னா நிக்காது."