உள்ளேயும் எண் கேட்கும் பூட்டு

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி பிரமு, மகள் கோமதி, திருநெல்வேலி ஜங்ஷனில் பூட்டுக் கடை வைத்திருக்கும் அருமைநாயகம், எதிர்வீட்டு மாரிக்கண்ணு. ஐந்து பேர். ஐவரும் உயிரோடு இருக்கிறோம். சந்தேகப்படுகிறவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். நான் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நடக்காததை நடந்ததாக எழுதிப் பழக்கமில்லை.

1997. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தோம். வந்த நாள் முதல் தொல்லைதான். கிழக்கு அறைச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு மட்டும் பூச்சு உதிரும். கொத்தனார்களை மாற்றி மாற்றிப் பூசச் சொன்னேன். ஒருவன் மணலைக் குறை சொன்னான், அடுத்தவன் முந்தையவனைக் குறை சொன்னான். பூச்சு நிற்கவில்லை.

அடுத்தது வாசல் கதவு. மதியம் சாப்பிட்டுவிட்டு, தாழ் போட்டுப் படுப்போம். எழுந்து பார்த்தால் கதவு அகலத் திறந்து கிடக்கும். தினமும்.

தெரு சும்மா இருக்குமா? இரண்டரை மணிக்கு ஊர் நூல் மில்லில் சங்கு ஊதும். ஷிப்டு மாறும். ஆட்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் சைக்கிளில் போவார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்திருக்கிறது. வீட்டிலோ கல்யாணத்துக்கு நிற்கிற பெண். மில்லுக்காரன் எவனையோ பார்க்கத்தான் கோமதி கதவைத் திறக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த சேரன்மகாதேவிக்காரர்கள், "கொஞ்சம் பொறுப்போம்" என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்துப் பெண்ணைப் பற்றி அதுவரை ஒருவன் நாக்கு அசைந்ததில்லை.

கோமதியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் தொறக்கலப்பா" என்றாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

சாவிப் பூட்டு போட்டால் சாவியை எடுக்கலாம். அதனால் எண் பூட்டு வாங்கப் போனேன். அப்போது அது புதுச் சரக்கு. அருமைநாயகம் சிங்கப்பூரிலிருந்து வந்த டிஜிட்டல் பூட்டு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் எண் பொத்தான்கள் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே குமிழைத் திருகினால் போதும். இன்னொன்றில் இரண்டு பக்கமும் பொத்தான்கள். உள்ளே இருப்பவரும் நாலு எண்ணை அழுத்தினால்தான் வெளியே போக முடியும்.

இரண்டாவதைக் காட்டினேன்.

"அண்ணாச்சி, இது சரக்கு அடுக்குத கிட்டங்கிக்குப் போடுதது. வீட்டுக்கு எதுக்கு? கள்ளன் வெளியலா இருப்பான்?"

"கேட்டதைக் கொடும் வே."

அவர் சிரிப்பை மீசைக்குள் ஒதுக்கிக்கொண்டார்.

பூட்டு மாட்டியாயிற்று. எண் எனக்கு மட்டும்தான் தெரியும். மனைவிக்கும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் கதவு திறந்து கிடந்தது.

உள்பக்கப் பொத்தான்களில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. பஞ்சு. துடைத்தேன். எண்ணை மாற்றினேன். அதற்கு மறுநாளும் கதவு திறந்து கிடந்தது. மறுபடியும் பஞ்சு.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அருமைநாயகத்தை வரவழைத்து உட்காரவைத்தேன். பூட்டில் கோளாறு என்றால் அவர் கண்ணால் பார்க்கட்டும். மாரிக்கண்ணுவையும் கூப்பிட்டேன். மில்லில் வேலை பார்த்து நின்றுவிட்டவள். தெருவில் எந்தப் பேச்சும் அவள் வாயில்தான் தொடங்கும். அவளும் பார்க்கட்டும்.

இரண்டு மணி. எண்ணைப் புதிதாக மாற்றினேன், உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு. தோளுக்கு மேல் யாரோ எட்டிப் பார்க்கிற மூச்சு பட்டது. சூடாக இருந்தது. இயந்திர எண்ணெய் வாடை.

"தள்ளி நில்லும் வே, அருமைநாயகம்."

"நான் இங்கனலா இருக்கேன், அண்ணாச்சி."

குரல் கூடத்தின் மறுகோடியிலிருந்து வந்தது.

திரும்பினேன். நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள்.

நானும் போய் உட்கார்ந்தேன். எதிரே கோமதி. இரண்டு கையும் மடியில்.

இரண்டு இருபது.

பீப்...

பொத்தான் தானாக அமுங்கியது. ஐந்து பேரும் பார்த்தோம். விரல் இல்லை.

பீப்... பீப்... பீப்...

பிறகு நீளமாக ஓர் ஒலி. தப்பான எண். அமுங்கியவை எவை என்று பார்த்தேன். நேற்றைய எண்.

பிரமு என் கையைப் பிடித்தாள்.

சத்தமே இல்லை. யாரோ யோசிப்பதுபோல...

பீப். பீப். பீப். பீப்.

தயக்கமே இல்லை.

நான் மறைத்து அழுத்திய அதே எண்.

டக்.

கதவு திறந்தது.

வெயில் உள்ளே விழுந்தது. அதில் பஞ்சுத் துகள்கள் மிதந்தன. வெளியை நோக்கி...

இரண்டரைச் சங்கு ஊதியது.

முதலில் வாய் திறந்தவள் மாரிக்கண்ணு. "சொள்ளமுத்தண்ணன்" என்றாள்.

"யாரு அது?"

"முந்தி இந்த வீட்டுல இருந்தாவ. மில்லுல நூல் மிஷின் ஓட்டுனாவ. ஒருநா மத்தியானம் சிப்டுக்குக் கெளம்பையில, இந்தா, இங்கனதான் நெஞ்சப் புடிச்சிட்டு விழுந்தாவ. அன்னைக்கு அவிட்டம். செத்தா ஆகாத அடைப்பு நச்சத்திரம்லா? வாசல் வழியா எடுத்தா வழி தெரிஞ்சு திரும்பி வந்துருவாவன்னு, கெழக்குச் செவர இடிச்சு அந்த வழியா எடுத்தோம்."

உதிரும் பூச்சு நினைவுக்கு வந்தது.

"வாசல் வழியா அவுகள யாரும் அனுப்பி வைக்கலை, அண்ணாச்சி."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"ஒங்க மொகத்தப் பாத்து யாரு பேசுவா?"

பிரமு விடவில்லை. "எம்புள்ளையப் பத்திப் பேச மட்டும் வாய் இருந்துச்சோ?"



"இப்பமாவது நம்புதீங்களாப்பா?" என்றாள் கோமதி.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

அன்று மாலையே மாரிக்கண்ணு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சேரன்மகாதேவிக்கும் செய்தி எட்டியது. தை மாதம் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டைப் பேய் வீடு என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அதில் எங்களுக்கு இழுக்கில்லை.

ஆனால் இப்போது புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோமதி புருஷன் வீட்டுக்குப் போன பிறகு கதவு திறப்பது நின்றுவிட்டதாம்.

நிற்கவில்லை. நேற்றும் இரண்டு இருபதுக்குத் திறந்தது.