கரை இல்லாத வரைபடம்

என் அண்ணிக்கு ஆபீசில் 'கோட்டம்மா' என்று பெயர். நகரத் திட்ட அலுவலகத்தில் வெள்ள வரைபடம் போடுவது அவள் வேலை. ஆறு பெருகினால் தண்ணீர் எதுவரை வரும் என்று கணக்குப் பார்த்து ஒரு கோடு இழுப்பாள். கோட்டுக்கு உள்ளே நீலம், வெளியே வெள்ளை. நீலத்தில் வீடு கட்ட அனுமதி வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். "கொஞ்சம் வளைச்சு விடக் கூடாதா" என்று அவளிடம் குழையாத ஆளே ஊரில் இல்லை. யாருக்கும் அவள் மசிந்ததில்லை. வீட்டில் வரைபடப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சட்டம் வேறு போட்டிருந்தாள். புருஷன் கேட்டாலும் அது சிபாரிசுதான் என்பாள்.

அந்தப் புருஷன், அதாவது என் அண்ணன், அதே ஆற்றில் வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட மண்கரையின் கண்காணிப்பாளர். கரையில் எலி வளை தோண்டினால்கூடத் தன் வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்த மாதிரி பதறுவான். மழை வலுத்தால் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கரைக்குப் போய் நிற்பான். "சக்களத்தி கூப்பிடுறா, கிளம்புங்க" என்பாள் அண்ணி. அவர்களோடு இருக்கும் நானும் சேர்ந்துகொண்டு சிரிப்பேன்.

அவர்கள் மகளும் மருமகனும் கரைக்கு இந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மனையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவனே அண்ணன்தான். மருமகனின் அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர் என்பதால் அவருக்குத் தரைத்தளத்திலேயே படுக்கையறை. சுவரெல்லாம் எழும்பிவிட்டது. மேல்தளம் போடுவதுதான் பாக்கி.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து வெள்ளக் கணக்குக்குப் புது விதிமுறை வந்தது. இதுவரை வந்துபோன வெள்ளங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். இனிமேல் வரப்போகும் பெருமழையையும் சேர்க்க வேண்டும். அதோடு, கரை நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கரையே இல்லை என்று வைத்துக்கொண்டு தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

கோடு போடும்போது கம்ப்யூட்டர் திரையில் வீடுகள் தெரியாதபடி மறைத்துவிடுவது அந்த ஆபீஸ் வழக்கம். வீட்டைப் பார்த்தால் கை வளையும் என்று அண்ணிதான் அதைக் கொண்டுவந்தாள். ஆறும் மேடு பள்ளமும் மட்டும் இருக்கும். கோடு முடிவான பிறகுதான் வீடுகளைத் திறப்பார்கள். புதுக் கோடு முடிந்து வீடுகளைத் திறந்த அன்று அண்ணி எழுந்து நின்றுவிட்டாளாம். பக்கத்து மேசைக்காரி கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். மகளின் வீடு நீலத்தின் ஓரத்தில்கூட இல்லை, நட்ட நடுவில் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர்.

வீட்டுக்கு வந்தவள் செருப்போடு கூடம்வரை வந்துவிட்டாள். துவைத்த துணியைக்கூட ஓரம் பிசகாமல் மடிக்கிறவள் அவள். யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். மகள் அன்று தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்க மாதிரித் துண்டுகளோடு வந்து, அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கட்டிக் காக்கிற கரையை இல்லை என்று ஆக்கிவிட்டார்களே என்று அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான் என்று பார்த்தேன். அவன் குதிக்கவில்லை. முகம் மட்டும் செத்துப்போயிருந்தது.

"நீங்க பார்த்துக்கற கரையாச்சே, நிக்கும்னுதானே முன்னாடி அந்த இடத்தை வெள்ளையா விட்டேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் அவளையே பார்த்தான். "நிக்கும்னு நம்பினா ஒவ்வொரு மழைக்கும் நான் ஏன் ஓடறேன்?"

இத்தனை காலமும் அதை அவனுடைய பெருமை என்று நினைத்துக் கேலி செய்திருக்கிறேன். அது பயம்.

"அப்புறம் எதுக்கு அந்த மனையைப் பிடிச்சுக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"உன் மேப்ல வெள்ளையா இருந்துச்சு. கரை உடைஞ்சாலும் தண்ணி அதுவரைக்கும் வராதுன்னு நீ கணக்குப் பார்த்துதான் விட்டிருப்பேன்னு நினைச்சேன்."

ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். இவள் அவனுடைய கரையை நம்பினாள், அவன் இவளுடைய கோட்டை நம்பினான். ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

மகள் கையிலிருந்த டைல்ஸ் துண்டை மெதுவாக மேசைமேல் வைத்தாள். "அம்மா மேப்பும் அப்பா கரையும் இருக்கறப்போ என்ன பயம்னு சொல்லித்தான் அவரோட அம்மாவைச் சம்மதிக்க வச்சேன். அவங்களால எந்திரிச்சு நிக்கக்கூட முடியாதும்மா."

மறுநாள் அண்ணி கோட்டை ஒரு நூல்கூட வளைக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அண்ணன் மேஸ்திரியிடம் போய் வேலையை நிறுத்தச் சொன்னான். சுவரை இடித்துவிட்டுத் தூண்கள்மேல் வீட்டைத் தூக்கிக் கட்டி, நாற்காலி ஏறச் சாய்தளம் வைப்பதா, மனையையே கைகழுவுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் சாப்பாட்டிலிருந்து எழுந்து கையைக் கழுவிவிட்டு ரெயின்கோட்டை மாட்டினான். யாரும் சக்களத்திப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணியும் தட்டை ஒதுக்கிவிட்டு அவன் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

"கரையில எந்த இடத்துல உங்களுக்குப் பயமா இருக்கு? எனக்குக் காட்டுங்க."

அண்ணன் தன் ரெயின்கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.