ஷேக் மைதீன் ஸ்கேன் அறைக்குள் போன அன்று

கூடலூரில் ஷேக் மைதீனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அதாவது, தெரியாது என்று அவர் ஒத்துக்கொண்ட விஷயம் கிடையாது. இருபது வருஷமாகக் குமுளி ரோட்டில் ஜீப் ஓட்டுகிறார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவது பிழைப்பு, வழியெல்லாம் யோசனை சொல்வது பொழுதுபோக்கு. கர்ப்பிணிகளைக் கம்பத்துக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போவதும் அவர்தான். ஏறியதுமே தண்ணீர் பாட்டிலை நீட்டிவிடுவார்.

"குடி, ஆத்தா. வயிறு முட்டலைன்னா டாக்டர் பாக்க மாட்டாக."

இத்தனைக்கும் ஸ்கேன் அறை வாசலை மனுஷன் ஒருநாளும் தாண்டியதில்லை.

இரண்டு மாதம் முன்பு அவருடைய ஏழு வயது மகள் ஷர்மின் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை முழங்கைக்கு மேலே முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் வலது மணிக்கட்டு தொங்கியே கிடந்தது. நரம்பு அறுந்திருந்தால் ஆபரேஷன், நசுங்கியது மட்டும் என்றால் தானாகச் சரியாகும், ஸ்கேனில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தேனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. அவர் மனைவி ரம்லத்துக்கு அதுவே பெரிய பயமாகிவிட்டது.

ஆனால் தேனிக்குக் கிளம்பியதும் பழக்கதோஷம் விடவில்லை. சின்னமனூர் வருவதற்குள் பிள்ளைக்கு இரண்டு பாட்டில். அவள் முரண்டு பிடித்ததால் நீ ஒரு மடக்கு, நான் ஒரு மடக்கு என்று இவரும் குடித்தார். தேனி ஸ்கேன் சென்டரில் இவர்களுக்கு முன்னால் பதினோரு டோக்கன். அப்பனும் மகளும் கால்மேல் கால் போட்டு இறுக்கி உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தவர்கள், யாரோ பெரிய இடம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உள்ளே கூப்பிட்டதும் ஷர்மின் அழுதுவிட்டாள். "அத்தா, முட்டுது!"

டாக்டர் இவாஞ்சலின் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "கைய பாக்கிறதுக்குத் தண்ணி எதுக்குங்க? முதல்ல பாத்ரூம் கூட்டிட்டுப் போங்க."

பிள்ளை போய்விட்டு வந்தாள். தானும் போகவேண்டும் என்று சொல்ல ஷேக் மைதீனுக்கு வாய் வரவில்லை. மானம் தடுத்தது.

கையில் பசை தடவி, கருவியை மேலிருந்து மெல்ல நகர்த்தினார் டாக்டர். ஷேக் மைதீன் வலது காலில் நின்றார், இடது காலில் நின்றார். முழங்கைக்கு மேலே வந்ததும் கருவி நின்றது. டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார். இவரும் ஆடவில்லை.

"அறுந்துருச்சாம்மா?"

"இல்லைங்க. இந்தக் கோடு முழுசா வருது பாருங்க. இந்த இடத்துல வீங்கியிருக்கு, அம்புட்டுத்தான். நாலஞ்சு மாசத்துல கை தூக்கிருவா."

ஷேக் மைதீன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாருக்கும் கேட்காமல் அழுகிற ஆள் இல்லை அவர். வெளியே டோக்கனோடு இருந்தவர்கள் பயந்து எழுந்துவிட்டார்கள்.

ஷர்மின் அவர் சட்டையை இழுத்தாள். "அத்தா, நீங்களும் பாத்ரூம் போயிட்டு வாங்க."

"இருக்கட்டும்த்தா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையருகே போனார். "டாக்டரம்மா, அந்தக் கோட்டை இன்னொருக்கா காட்டுங்க."