சக்கரத்துக்கு ஒரு கல்

என் தம்பி விமான விபத்தில் இறந்தான் என்று சொன்னால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். அந்த விமானம் பறக்கவே இல்லை. வடக்கே ஒரு விமான நிலையத்தில், இன்ஜின் அணைந்து கிடந்த ராணுவ விமானம் அது. விமானப்படையில் தரைவேலை பார்த்த அவன் மேல் அதன் சக்கரம் ஏறிவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு இது போதவில்லை. "எத்தன உசரத்துல இருந்துங்க உழுந்துச்சு?" என்று கேட்டார், வேலந்தாவளம் சந்தையிலிருந்து நேராக வந்திருந்த ஒரு மாட்டு வியாபாரி. "உழுகலீங்க, தரையிலதான் இருந்துச்சு" என்றேன். "அட, தரையிலயா!" என்றார். முகம் சப்பென்று ஆகிவிட்டது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அவரைச் சந்தைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த எரிச்சலும் பாதியில் நின்றுவிட்டது. அழுகையும் வரவில்லை. காப்பிக்குப் பால் போதுமா என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

உடலோடு தம்பியின் கூட்டாளி ஒருவர் வந்திருந்தார், மதுரைப் பக்கத்துக்காரர். தொழுவத்துப் பக்கம் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"விமானத்த டிராக்டர்ல கட்டி இழுத்துட்டுப் போனோம்க்கா. இழுக்குற கம்பி முறிஞ்சு, பின்னால உருள ஆரம்பிச்சிருச்சு. உள்ள இருந்தவரு போட்டும் பிரேக் பிடிக்கல. அப்படி உருண்டா விலகிறணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது. எல்லாரும் விலகிட்டோம். இவன் மட்டும் சக்கரத்துக்கு வைக்கிற கட்டையத் தூக்கிட்டு அதுக்கு நேரா ஓடுனான். ஏன் ஓடுனான்னே புரியலக்கா."

எனக்குப் புரிந்தது. எங்கள் தென்னந்தோப்பு வாய்க்காலைப் பார்த்துச் சரிந்த நிலம். எங்கள் டிராக்டருக்குக் கைபிரேக் பிடிக்காது. சரி பண்ணிவிடலாம் என்று அப்பா சொல்லிச் சொல்லியே வருஷங்கள் போய்விட்டன. காய் ஏற்றும்போது வண்டி நகர்ந்தால் "கல்லப் போடு!" என்று ஒரு சத்தம் வரும், யாராவது ஓடிச் சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ள வேண்டும். எப்போதும் முதலில் ஓடுவது தம்பிதான். "பிரேக்கு எதுக்குங்க எனக்கு? அதான் பெத்தே வெச்சிருக்கறனே" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

"இத எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று அந்தக் கூட்டாளியிடம் கெஞ்சினேன். அவர் சொல்லவில்லை. பஞ்சாயத்து மெம்பர் துருவித் துருவிக் கேட்டபோதும், "இழுக்கும்போது கம்பி முறிஞ்சிருச்சுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எதையும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும் என்று இருந்தேன். தெரிந்தால் அந்த மனுஷன் தாங்கமாட்டார்.

அடுத்த தேங்காய் வெட்டுக்குக் காய் ஏற்றினோம். வழக்கம்போல வண்டியைச் சரிவில்தான் நிறுத்தியிருந்தார்கள். பின்னால் கட்டியிருந்த டிரெய்லர் பெட்டி நிறைந்து பாரம் ஏறியதும், வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"கல்லப் போடுங்க!"

என் வாயிலிருந்துதான் வந்தது, தானாக. காய் ஏற்றுகிற ஆள் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்பா குறுக்கே பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"உடப்பா. இரும்புதான, போனாப் போகுது."

டிராக்டரும் பெட்டியும் எங்களைத் தாண்டி உருண்டு வாய்க்காலுக்குள் இறங்கின. தேங்காய்கள் தண்ணீரோடு மிதந்து போயின. அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கை வலிக்குதுங்க, உடுங்க" என்றார் அந்த ஆள். அப்பா விடவில்லை.