பதினெட்டு மணித்தியாலம்

அன்று மத்தியானம் ஸ்கந்தபுரத்திலிருந்து அக்கா எனக்குப் போன் எடுத்தாள். பக்கத்து வீட்டுப் போன். அத்தான் அடித்ததில் தன் கை முறிந்துவிட்டது என்றாள். மேலே பேசுவதற்குள் அவளை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது.

நான் லண்டனில் இருந்த அண்ணாவுக்கு எடுத்தேன். எங்களுக்கு இருந்த ஒரே ஆண்பிள்ளை அவர்.

"இண்டைக்கே வெளிக்கிடுறன். நான் வருமட்டும் நீ அங்க போகாதை. உன்னையும் அடிப்பான்" என்றார்.

நான் ஜெயபுரத்தில் இருந்தேன். ஸ்கூட்டியில் போனால் அரை மணித்தியாலம்கூட இல்லை. போகவில்லை. பயம். அதோடு, முன்பொருமுறை பொலிஸில் முறைப்பாடு கொடுத்தபோது சமாதானம் பேசித்தான் அனுப்பியிருந்தார்கள்.

டிக்கெட் எடுத்த கையோடு அண்ணா அத்தானுக்குப் போன் போட்டு, வந்து கொல்லுவேன் என்றிருக்கிறார். அத்தான் கத்தவில்லையாம்.

"எத்தனை மணித்தியாலம் பறக்கோணும் மச்சான்?"

"பதினொண்டு."

"கட்டுநாயக்கா எயார்போட்டில இருந்து இஞ்ச வர இன்னும் ஏழு. பதினெட்டு. அதுவரைக்கும் இவள் என்னோடதானே இருக்கப்போறாள்."

பிறகு போனைக் கதிரையில் வைத்துவிட்டு, வாட்டர் பம்பின் பெல்ட்டை எடுத்து அடித்திருக்கிறார். அண்ணா அதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். போனை வைக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை என்று பின்னர் சொன்னார். அன்றிரவு விமானம் ஏறினார்.

விடிந்ததும் அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு எடுத்தார். "பிள்ளை, இப்ப அழுகைச் சத்தமும் இல்லை. வாங்கோ."

அண்ணாவுக்கு எடுத்துப் பார்த்தேன். போன் வேலை செய்யவில்லை. ஆகாயத்தில் எங்கோ இருந்தார். ஸ்கூட்டியை எடுத்தேன்.

அக்கா குசினித் தரையில் அடுப்போரம் கிடந்தாள். முகம் வீங்கி, ஒரு காதிலிருந்து இரத்தம் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. முறிந்த கையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். அவளைத் தூக்கக் குனிந்தபோது அத்தான் பின்னால் வந்து என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். இரண்டாவது தரம் மோதியபோது என் பல் உடைந்தது. சுவரோரம் மண்வெட்டி சாத்தியிருந்தது. கைக்கு அகப்பட்டதும் முழங்காலில் அடித்தேன். விழுந்தார். விழுந்த பிறகும் அடித்தேன். எத்தனை தரம் என்று தெரியாது. அக்காதான், "போதும், போதும்" என்றாள்.

பின்னேரம் கடந்து, இருட்டிய பிறகுதான் அண்ணா கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார். கட்டில் பக்கத்தில் நின்று அக்காவைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார்.

"அவன் எங்க?"

"பொலிஸ் காவலோட மற்ற வார்ட்டில" என்றேன்.

அங்கே போக எழும்பியவரை நான் மறித்தேன். என்னைத் தள்ளிவிட்டார். அக்கா, "அண்ணா, நீயும் அடிக்கப்போறியோ?" என்று கேட்டாள். அவர் நிலத்தில் குந்தி அழுதார்.

இரண்டு கிழமையில் அவர் திரும்பிப் போனார். அத்தான் சில மாதம் மறியலில் அடைபட்டிருந்தார். என்மீதும் ஒரு வழக்குப் போட்டார்கள். அதற்கு இன்னமும் தவணைக்குத் தவணை கோர்ட்டுக்குப் போய்வருகிறேன். அக்கா என்னோடுதான் இருக்கிறாள். இடது காது கேட்காது.

அத்தான் இப்போது புளியங்குளத்தில் வேறொரு பெண்ணோடு இருப்பதாகக் கேள்வி. போய் அவளிடம் சொல்ல வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.